தூளைப் பிணைத்தல்: கொட்டியாரக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக்குடாவை வந்தடைந்தது. அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் அடுத்த ஆண்டு கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட கதையை யாவரும் அறிவர். நாம் இங்குக் கருதுவது அம்மரத்தையே. மூதூர், சம்பூர்ப் பகுதிகளை அணைந்து கிடக்கும் இக்குடாவின் வரலாற்றில் முழுமரத்துக்கு இடமுண்டு. மரமறுக்கையில் உதிர்ந்த தூளுக்கு இடமில்லை.

தூள் காற்றிற் பறக்கும்; அடுப்பிற் புகையும். அதைக் கட்டி நிறுத்த ஒரு பிணைப்பொருள் வேண்டும். இவ்வறிவு நம் வீடுகளுக்குப் புதிதன்று. புழுதி எழாதிருக்க மண்தரையைச் சாணத்தால் மெழுகினோம். சேலைக்கு விறைப்பூட்டக் கஞ்சியிட்டோம். சாணத்தோடு உமியும் வைக்கோற் கூளமும் பிசைந்து வறட்டி தட்டினோம். சாணத்திற் செரியாது எஞ்சிய நார் கூளத்தைப் பற்றிக்கொள்கின்றது. கஞ்சியின் மாப்பொருளோ வெந்நீரிற் பசையாகி, உலர்ந்ததும் இறுகுகின்றது. மரத்துக்குள்ளேயே லிக்னின் என்னும் பிணைப்பொருள் உண்டு. அது சூட்டில் இளகி, ஆறியதும் கெட்டியாகும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, மரத்தூளை அழுத்திச் செய்யும் 'பெலட்' என்னும் சிற்றுருளைகள் மேலைநாடுகளிற் பரவின. உறுதி பற்றிய கேள்வி அப்போதுதான் கூர்மையடைந்தது என்பது என் எண்ணம். முற்றத்திற் காய்ந்து அடுப்புக்குச் செல்லும் வறட்டி பயணம் செய்வதில்லை. பெலட்டோ கப்பலேறி, கொட்டப்பட்டு, மீண்டும் அள்ளப்படுவது. உதிருந் தூள் நட்டம் மட்டுமன்று, தீ விபத்துக்கும் காரணமாகும். ஆகவே 500 கிராம் பெலட்டைப் பெட்டியிலிட்டு 500 முறை சுழற்றி, உடையாது எஞ்சுவதை நிறுக்கின்றனர். சர்வதேசத் தரம் சேர்பொருளை நூற்றுக்கு 2 வீதத்துக்குள் வரையறுக்கின்றது.

சம்பூருக்கும் தொலைவிலிருந்து எரிபொருள் வரவிருந்தது. இந்தியத் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் அங்கு நிறுவ எண்ணிய 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் 2016இற் கைவிடப்பட்டது. 2006இற் போரினாற் பெயர்க்கப்பட்ட மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அதே கழகம் 2017இல் வட இந்தியாவின் தாத்ரி நிலையத்தில் நிலக்கரியோடு பயிர்க்கழிவுப் பெலட்டுகளைச் சேர்த்தெரிக்கத் தலைப்பட்டமை கருதத்தக்கது.

சம்பூருக்கு எதிர்க்கரையிலே டோக்கியோ சிமெந்து நிறுவனம் உமியையும் கிளிசரியா விறகையும் எரித்து மின்சாரம் பெறுகின்றது. கிளிசரியா 2005இல் நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. மூதூர் வயல்களின் உமியைப் பெலட்டாக்குவதாயின் இடர் ஒன்றுண்டு: சிலிக்கா மிகுந்த உமி தானாகப் பிணைவதரிது. கஞ்சிப்பசை அதனைப் பிணைக்கும். ஆயின் மாப்பொருள் ஈரத்தை ஈர்க்கும். வடகீழ்ப் பருவமழையில், கூரையின்றிக் குவித்த பெலட் ஊதி உதிர்ந்துவிடும். லிக்னின் மிகுந்த மரத்தூளையும் உமியோடு கலந்து சூட்டில் அழுத்தினால் அத்துணைக் கஞ்சி வேண்டியதில்லை.