ரோசினான்டே: வீட்டைச் சுமந்த வண்டி

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், 1960ஆம் ஆண்டில், தமது 58ஆம் அகவையில், தாம் எழுதிவரும் நாட்டைத் தாமே அறியாதிருக்கிறோம் என்று உணர்ந்தார். நாட்டைச் சுற்றிவர ஒரு பிக்கப் வண்டியை வாங்கி, அதன் முதுகில் ஒரு சிறு வீட்டை ஏற்றினார். வண்டிக்கு ரோசினான்டே என்று பெயரிட்டார். அது டான் குயிக்சோட்டின் நோஞ்சான் குதிரையின் பெயர். அக்கதையை வகுப்பில் சொன்ன ஆசிரியர்கள் இதிலுள்ள குறும்பை உணர்வர்.

வண்டி ஜி.எம்.சி. நிறுவனத்தின் முக்கால் டன் பிக்கப். கூண்டை மிச்சிகன் மாநிலத்து வுல்வரின் நிறுவனம் செய்தது. படுக்கை, எரிவாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் அதில் இருந்தன. இவை போதாவென்று அவர் கருவிகளையும் ஏறத்தாழ 150 பவுண்டு புத்தகங்களையும் ஏற்றினார். (நம்மில் யார்தான் படிக்காத புத்தகத்தை விட்டுவிட்டுப் பயணம் போகிறோம்!) விளைவு, ஓரிகன் மாநிலத்தில் கொட்டும் மழையில் டயர் வெடித்தது. பாரம் தாங்கும் டயர் தேடித் தந்த ஒரு பெட்ரோல் நிலையத்தாரை அவர் தமது நூலில் நன்றியோடு நினைவுகூர்கிறார். அந்நூல் 1962இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இத்தகைய வண்டியில் முதலில் சோதனைக்கு உள்ளாவது எந்திரமன்று. பின்னச்சும் வில்களும் டயர்களுமே. கூண்டின் எடை மையம் பின்னச்சுக்குச் சற்று முன்னே அமைய வேண்டும். பின்னே தள்ளி அமைந்தால் முன்சக்கரங்களின் பிடி தளரும். திருப்பும் சக்கரம் கைக்கு அடங்காது. கூண்டோடு ஓர் இழுவை வண்டியையும் பூட்டினால் தொல்லை இரட்டிக்கும். இழுவை வண்டியின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின்மேல் அமர்கிறது. அதுவும் அதே பின்னச்சின் தலையில்தான். கூண்டு பின்னால் நீண்டிருந்தால் கொக்கியையும் நீட்ட வேண்டும். நீட்டிய அளவுக்கு நெம்புகோல் விசை கூடும், தாங்கும் அளவு குறையும். பூட்டுவதற்குமுன் கூண்டு, தண்ணீர், ஆட்கள், கொக்கிச் சுமை அனைத்தையும் கூட்டிப் பார்ப்பது வெறும் கணக்குப் பாடமன்று. பிள்ளைகள் அமர்ந்து செல்லும் வண்டி அது.

தொழிற்சாலைகளும் இதை மெல்லக் கற்றன. 1965இல் ஃபோர்டு நிறுவனம் 'கேம்பர் ஸ்பெஷல்' என்ற தொகுப்பை அறிமுகப்படுத்தியது. வலுவான வில்கள், கூடுதல் குளிர்ச்சி, பெரிய மின்கலம் ஆகியவை அதில் இருந்தன. 1973இல் வந்த 'சூப்பர் கேம்பர் ஸ்பெஷல்' வண்டியில் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை 140 அங்குலமாக்கினர். பின்னச்சைப் பின்னே நகர்த்தியதால் கூண்டின் பாரம் முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்தது. என் பார்வையில் எல்லா அலங்காரங்களையும்விட இதுவே பெரிய திருத்தம்.

ரோசினான்டே இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில், ஸ்டைன்பெக் பிறந்த ஊரில், அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கூண்டு இன்னும் அதன் முதுகில்தான் இருக்கிறது.