திண்ணைப் பள்ளியில் வகுத்தற் கணக்கு

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளின் நிலையை விசாரித்து அறிவிக்குமாறு ஜில்லாக் கலெக்டர்களுக்கு ஆணையிட்டதன் பயனாக, மாகாணமெங்கும் 12,498 பள்ளிகள் நடந்துவந்த செய்தி ஏட்டில் ஏறிற்று. அவற்றுள் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில், மணலில் விரலால் எழுத்துப் பழகிய பாலகர், எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்னும் கணக்குச் சுவடிகளை மனனம் செய்தே கணிதத்தில் பிரவேசித்தனர்.

வகுத்தல் என்பது அக்குழந்தைகளுக்குப் பலகையில் வரைந்து காட்டும் ஒரு விதியாக அன்றி, கலத்தைப் பன்னிரண்டாய்ப் பகுத்தால் குறுணி, குறுணியை எட்டாய்ப் பகுத்தால் நாழி, நாழியை நான்காய்ப் பகுத்தால் உழக்கு என, வீட்டு நெற்குதிரிலும் களத்துமேட்டிலும் அன்றாடம் கண்ட அளவைகளின் வழியே அறிமுகமாயிற்று. இருபதில் ஒரு பாகமாகிய மாவை நான்காக்கினால் காணி, காணியை நான்காக்கினால் முந்நூற்றிருபதில் ஒரு பாகமாகிய முந்திரி என்று, நுண்ணிய பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர் வழங்கியமையால், மீதி நின்ற பாகமும் அவர்கள் நாவில் எளிதாய் அமைந்தது.

வெறும் மனனம் என்று பிற்காலத்தார் இம்முறையை இகழ்ந்தனராயினும், பொருளைச் சமமாய்ப் பங்கிடும் நியாயத்தை முன்னறிந்து, பின்னர் எண்ணை வகுக்கப் பயிலும் அதன் கிரமம், இன்றைய ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களும் சிரத்தையோடு கைக்கொள்ளத் தக்கதேயாகும்.