பசுமலைப் பந்தி

எங்கள் பசுமலையில் அசனம், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து, என்றால் கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் வரிசையாக இலை விழும். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் கேட்பார்கள், அது வேறு கதை.

இந்த ஒரே பந்திக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரிச் சங்கம், யாழ்ப்பாணம் வழியாக 1834இல் மதுரைக்கு வந்தது. திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய செமினரி, 1845இல் பசுமலைக்கு மாறியது. சபைகளில் போதிக்கும் உபதேசியார்கள் இங்கே படித்துத்தான் ஊர் ஊராகப் போனார்கள்.

1847இல் போர்டின் மதுரை மிஷன் ஒரு நிபந்தனை போட்டது: சம்பளம் வாங்கும் உபதேசியார்கள் சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். பலர் இலையைத் தொடாமல் வேலையை விட்டுப் போனார்கள். பெரிய சம்பளம் இல்லைதான், ஆனாலும் அன்றைக்கு அது குடும்பத்துக்குச் சோறு.

வேடிக்கை என்னவென்றால், அதே போர்டு அடிமைமுறையைக் கண்டிக்கத் தயங்குகிறது என்று அமெரிக்காவில் சொந்த ஆட்களே கொதித்தார்கள். 1846இல் பிரிந்துபோய் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷனைத் தொடங்கினார்கள். அங்கே நெளிந்தவர்கள் இங்கே கறாராக நின்றார்கள். பொய் வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே அடிமை வைத்திருந்தவர்கள் காணிக்கை போடுகிறவர்கள். இங்கே உபதேசியார்கள் சம்பளம் வாங்குகிறவர்கள். கண்டிப்பு எங்கே எளிது என்று சொல்லவும் வேண்டுமா?

பசுமலையில் அதே மிஷன் 1881இல் தொடங்கிய கல்லூரி, பிறகு தல்லாகுளம் பக்கம் போய் அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன.