கேமரன் மலையில் அவசரகால வாக்கி-டாக்கி

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் கியா பார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய ஊர்கள் ஒரே மலைச்சாலையில் கோத்தாற்போல் அமைந்தவை. மண்சரிவு அச்சாலையை மறிப்பதுண்டு. மின்சாரம் நின்று கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்தால் ஊர்கள் தனித்தனியாகிவிடும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணை நீர் திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிரிழப்பு நேர்ந்தது. இத்தகைய வேளைகளில் கோபுரத்தை நம்பாமல் பேச உதவுவது வாக்கி-டாக்கி.

மலேசியாவில் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்த இருவகைக் கருவிகள் உண்டு: அரை வாட் ஆற்றலுள்ள 446 மெகாஹெர்ட்ஸ் வகை, 5 வாட் வரை அனுமதியுள்ள 477 மெகாஹெர்ட்ஸ் வகை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பின்னதே பொருத்தம். எனினும் வாட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது வீண். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மூடுபனி அவற்றைத் தடுக்காது, மலைமுகடு தடுக்கும். பெட்டியில் அச்சிட்ட கிலோமீட்டர் கணக்கு தடையற்ற வெளிக்கு உரியது. பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து மேட்டுக்கு ஏறினாலே பேச்சு தெளிவாகும். மேட்டில் ஒருவர் நின்று செய்தியைக் கைமாற்றுவது பழைய, நம்பகமான முறை.

மழைக்கு நீர் புகாத ஐபி67 தரமும், மாற்று மின்கலமும் தேவை. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இல்லாத மலிவுக் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். மேற்சொன்ன இருவகைகளைப் போலன்றி, அமெச்சூர் வானொலிக்குத் தேர்வெழுதி உரிமம் பெறவேண்டும். மீட்புப் படைகளின் அலைவரிசை வேறு என்பதால் வாக்கி-டாக்கியில் அவர்களை அழைக்க இயலாது. 999-ஐ அழைக்கத் தொலைபேசியே வழி.