ரெய்னியில் பிறந்த லிவிங்ஸ்டன்கள்

கல்மண்டபத்தில் நான் வளர்ந்த தெருவில் இரண்டு லிவிங்ஸ்டன்கள் இருந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். இன்னொருவன் என்னோடு படித்தான். பெரிய லிவி, சின்ன லிவி என்று தெரு பிரித்துக் கூப்பிடும். ஸ்காட்லாந்தில் அது குடும்பப் பெயர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையிலிருந்து வந்த பெயர் அது. 1813இல் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரி மருத்துவர் டேவிட் லிவிங்ஸ்டனின் கதை. குடும்பப் பெயரைப் பிள்ளையின் பெயராக்கிக்கொள்வது நமக்கு எளிது. பெயருக்குப் பின்னால் சேர்க்க நம்மிடம் பெரும்பாலும் எதுவும் இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்றும் அதே மாநாடு சொன்னது. பட்டங்கள் பெருமளவு உதிர்ந்தன. முன்னால் நிற்கும் அப்பாவின் எழுத்து மட்டும் அசையவில்லை.

ஸ்காட்லாந்தில் குடும்பப் பெயர்கள் பிள்ளைகளின் பெயரான வழிகளில் ஒன்று, தாய்வழி. அம்மா பிறந்த வீட்டுப் பெயர் அழிந்துவிடாமலிருக்க அதைப் பிள்ளைக்கு வைப்பார்கள். மணமான பெண்ணின் கல்லறையில்கூட அவள் பிறந்த வீட்டுப் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அங்கே உண்டு. லிவிங்ஸ்டனின் தாய் ஆக்னஸ் ஹன்டர்; மனைவி மேரி மாஃபட். எங்கள் தெருவில் ஹன்டரும் இல்லை, மாஃபட்டும் இல்லை. பெயர் கடல் தாண்டி வந்தது. அது பிழைத்திருந்த தாய்வழி வரவில்லை.

இரண்டு லிவிகளும் பிறந்தது ரெய்னி ஆஸ்பத்திரியில். நானும் அங்கேதான். ரெய்னி என்பதும் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்தான், ஆனால் ஒரு பெண்ணுடையது: கிறிஸ்டினா ரெய்னி. 1888இல் சென்னைக்கு வந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் மட்டில்டா மெக்ஃபெயிலின் உழைப்பில் எழுந்தது அந்த ஆஸ்பத்திரி. அங்கே பிறந்த ஆண்பிள்ளைகளில் ரெய்னி என்றோ மெக்ஃபெயில் என்றோ பெயருள்ள ஒருவரை நான் பார்த்ததில்லை. ரெய்னியின் பெயர் கட்டடத்தோடு நின்றுவிட்டது; பார்த்தேயிராத ஆணின் பெயர் வீட்டுக்குள் வந்தது.

சின்ன லிவியின் மகள் இப்போது என் மாணவி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டதால் அவள் அப்பா பெயரைப் போட்டார்கள். லிவிங்ஸ்டன் மறுபடி குடும்பப் பெயராகிவிட்டது. காசிமேட்டில் மீன் விற்று அவளைப் படிக்க வைப்பவள் அவள் அம்மா. மகளின் பெயரில் அவளுடைய ஓரெழுத்துகூட இல்லை.

இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. என் மகனின் இனிஷியலும் அவன் அப்பாவுடையது மட்டும்தான். பேறுகால அசதியில் கையெழுத்துப் போட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்க வேண்டும் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் பள்ளியில் கொடுத்த படிவத்தில் அவன் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் எழுதினேன். "முதல் எழுத்து யாரோடதும்மா?" என்றான். அவனுக்குப் பதினைந்து வயது.