பெயரிட்டோர் வருத்தம்: கெடாத் தோட்டத் தமிழரின் பெயர் வரலாறு



பிள்ளையின் பிள்ளையைத் தமிழில் பெயரன் என்கிறோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அச்சொல்லின் பொருள். பேச்சு வழக்கில் அது பேரன் எனத் திரிந்தது. பெயரிடும் மரபிலிருந்தே உறவுமுறைச் சொல்லை ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. அவ்வாறிருந்தும், கெடாவின் தோட்டங்களில் பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடத் தயங்கிய குடும்பங்கள் பல. தாம் இட்ட பெயரை எண்ணிப் பின்னாளில் வருந்திய பெற்றோரும் பலர். அவ்வருத்தத்தின் வரலாற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

அரணாக இட்ட பெயர்கள்

1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் பிடிக்குள் வந்தது. அடுத்த ஆண்டே மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வர, கங்காணிகள் வழியாகத் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் காடழித்து இரப்பர் நட்டவர்கள் அவர்களே. புதிதாகக் காடழித்த நிலத்தில் மலேரியாக் காய்ச்சல் மிகுந்திருந்தது. லயங்களில் பிறந்த குழந்தைகள் பலர் முதலாண்டைத் தாண்டவில்லை.

தாய்நாட்டிலிருந்து உடன்கொண்டு வந்த வழக்கம் ஒன்று அத்துயரில் அவர்களுக்குத் துணை நின்றது. முன்பிறந்த பிள்ளைகள் இறந்திருந்தால், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று அழைப்பார்கள். பிறரிடம் இரந்து பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்பார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். மண்ணாங்கட்டி என்ற பெயரும் உண்டு. எவரும் விரும்பாத பொருளைக் கூற்றுவனும் விரும்பான் என்பது நம்பிக்கை.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகிறது. மங்கலமற்றதை மங்கலச் சொல்லால் மறைத்துக் கூறுவது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு எடுத்துக்காட்டு. இப்பெயர்களில் நிகழ்வதோ அதன் மறுதலை. வீட்டின் பெருஞ்செல்வத்தை மங்கலமற்ற சொல்லால் மறைத்துக் காத்தார்கள். இவற்றை இழிபெயர் என்பது பிழை. அரண்பெயர் என்பதே பொருந்தும்.

தந்தை பெயர் தொடரும் வழி

கடாரத்தில் தந்தை பெயரின் சிறப்பு பழமையானது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் எழுப்பிய புத்த விகாரம், அவன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரைப் பெற்றது. அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியை லெய்டன் பெரிய செப்பேடுகள் கூறுகின்றன. அக்கடாரம் இன்றைய கெடாவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

தோட்டத் தமிழர் தந்தை பெயருக்கு விகாரம் எழுப்பவில்லை, ஆவணத்தில் சுமந்தார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆகவே பிறப்புப் பத்திரத்திலும், 1948இல் அவசரகாலத்தின்போது நடைமுறைக்கு வந்த அடையாள அட்டையிலும், ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்ற சொற்களுக்குப் பின் தந்தையின் பெயர் நின்றது. இதனால் ஒருவருக்கு இட்ட பெயர் அவரோடு முடிவதில்லை. அவர் பிள்ளைகளின் பள்ளிப் பதிவேட்டிலும் பட்டச் சான்றிதழிலும் தொடர்கிறது. தமிழ்ப் பெற்றோரின் பெயர் வருத்தம் இரு தலைமுறைக்கு நீள்வதற்கு இதுவே காரணம்.

பல ஆண்டுகளுக்கு முன் பரிசளிப்பு விழா ஒன்றில் மாணவர் பெயர்களைப் படிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு மாணவனின் தந்தை என்னைத் தனியே அழைத்து, “ஐயா, பையன் பேர மட்டும் படிங்க. என் பேரு வேணாம்” என்றார். அவருடையது மேற்கூறிய அரண்பெயர்களுள் ஒன்று. விழா முடிந்தபின் அவருடைய தாயாரோடு பேசினேன். அவ்வம்மையார் சொன்னது இன்றும் என் செவியில் உள்ளது: “இவனுக்கு முன்னால மூணு போயிருச்சு. உசுரு நிக்கட்டும்னு வச்ச பேரு. படிக்கிற பேரப்புள்ளைக்கு வெக்கமா இருக்கும்னு அப்பத் தெரியலையே ஐயா.”

அன்று அவ்விருவருக்கும் மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

பெயர் மாற்றிய தலைமுறை

வருந்திப் பெயரை மாற்றிய தந்தையருள் நாடறிந்தவர் மறைமலையடிகள். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அவர், வேதாசலம் என்ற தம் பெயரை மாற்றியதோடு நிற்கவில்லை. மக்கள் பெயர்களையும் தமிழாக்கினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். சுந்தரம் அழகு, மூர்த்தி உரு எனப் பகுதி பகுதியாகப் பெயர்த்திருப்பதை மாணவர்கள் நோக்குக. ஓசை மாறியது, பொருள் காக்கப்பட்டது.

பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்தார். 1947இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. தன்மானம் பேசப்பட்ட அக்காலத்தை ஒட்டி வளர்ந்த பெற்றோர், தம் பிள்ளைகளுக்கு இளங்கோ, மணிமாறன், தமிழ்ச்செல்வி எனப் பெயரிட்டனர். குப்பனின் மகன் மணிமாறன் என்ற ஒரே வரியில் ஒரு சமூகம் நடந்துவந்த தொலைவு தெரிகிறது.

புதிய வருத்தங்கள்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்ககங்களுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தபின் வருத்தம் வேறு வடிவெடுத்தது. எண்கணிதம் பார்த்து ரோமன் எழுத்துகளைக் கூட்டிய பெயரை, பிள்ளை ஒவ்வொரு முகப்பிடத்திலும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஹர்ஷிதா என்ற பெயரைப் பாட்டி அர்சிதா என்கிறார், பெயர்த்தி திருத்துகிறாள், பாட்டி பெயர் சொல்லி அழைப்பதையே விட்டுவிடுகிறார். “இந்தப் பெயருக்கு என்ன பொருள்?” என்று ஆசிரியர் வினவ, விடையின்றி நிற்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன்.

அரசும் பெயரில் தலையிடுவதுண்டு. 2006இல் தேசியப் பதிவிலாகா, பதியத்தகாத பெயர்களைப் பற்றிய பட்டியலை வெளியிட்டது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்கள் அதில் அடங்கின. பிள்ளை கேலிக்கு ஆளாகக்கூடாது என்ற எண்ணம் நன்றே. ஆனால் அகராதிப் பொருளை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், காவல் தெய்வத்தின் பெயரான கறுப்பன் வெறும் நிறப்பெயர் ஆகிவிடும். பெயர்ச்சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை. அதை இட்டவரின் நெஞ்சிலும் உள்ளது.

மாற்றியே தீரவேண்டிய பெயர்களும் உள்ளன என்பதை மறுக்கவில்லை. மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும் நகுசா என்ற பெயரைத் தாங்கிய சிறுமியர் 285 பேர் 2011இல் புதுப்பெயர் பெற்றனர். தமிழகத்து ஊர்கள் சிலவற்றிலும் பெண்மகவுக்கு வேண்டாம் எனப் பெயரிட்டதுண்டு. குப்பம்மாளும் வேண்டாமும் கேட்பதற்கு ஒருதன்மையன. முன்னது பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற வேட்கையில் பிறந்தது. பின்னது அடுத்தது ஆணாக வேண்டும் என்ற வேட்கையில் பிறந்தது. இவ்வேறுபாட்டை அறிய, பெயரின் கதையைக் கேட்பதன்றி வேறு வழியில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயரும் பாட்டன் பாட்டியர் பெயரும் ஏன் இடப்பட்டன என்று வீட்டில் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் செய்யுங்கள். லயத்தில் வாழ்ந்த தலைமுறை குறைந்து வருகிறது, இப்பணியைத் தள்ளிப்போடலாகாது. அன்று அத்தந்தையின் விருப்பப்படி அவர் பெயரை விட்டுவிட்டே படித்தேன். அப்பெயரின் காரணத்தை அவையில் இரண்டு வரியில் கூற அவரிடம் இசைவு கேட்டு, அதன்பின் அதை உரக்கப் படித்திருக்கலாம் என்று இப்போது எண்ணுகிறேன்.