கொடி நாள் உண்டியலும் ஜனவரி 14-ம்



டிசம்பர் 7 வரப்போகிறது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னக் காகிதக் கொடி, பக்கத்தில் ஒரு உண்டியல். பள்ளியிலோ அலுவலகத்திலோ நாம் எல்லோரும் பார்த்ததுதான். கொடியில் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறங்கள் இருக்கும். அவை தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் குறிக்கும். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த காலம் முழுவதும் நான் அதை ஆண்டு தவறாமல் குத்திக்கொண்டேன். அது எதற்கு என்று மனதில் உறைத்தது ஒரே ஓர் ஆண்டில்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு ஓய்ந்தது. அந்த நாளைப் பல நாடுகள் இன்றும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. இங்கிலாந்தில் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொள்வார்கள். அமெரிக்காவில் 1954-ல் அந்த நாளின் பெயரையே முன்னாள் படைவீரர் நாள் என்று மாற்றினார்கள். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள். “இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்” என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு கற்பலகைகளை நம் நாட்டின் பல ஊர்களில் இன்றும் காணலாம். அவற்றில் எண்ணிக்கை இருக்கும், போனவரின் பெயர் இருக்காது.

சுதந்திரம் வந்த பிறகு நமக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1949 ஆகஸ்ட் 28-ல் பாதுகாப்பு அமைச்சரின் கீழ் ஒரு குழு அமைக்கப்பட்டு, ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள் என்று தீர்மானிக்கப்பட்டது. உண்டியலில் சேரும் பணத்துக்கு மூன்று நோக்கங்கள் உண்டு: போரில் பாதிக்கப்பட்டவர்களின் மறுவாழ்வு, பணியில் இருக்கும் வீரர்கள், அவர்கள் குடும்பங்களின் நலன், ஓய்வு பெற்ற வீரர்கள், அவர்கள் குடும்பங்களின் நலன். நம் மாவட்டத்தில் இந்த வேலையைக் கவனிப்பது முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

இரண்டாவது நாள் ஜனவரி 14. இது பலருக்குத் தெரியாது. இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம்.கரியப்பா, 1949 ஜனவரி 15-ல் பொறுப்பேற்றார். அதனால் அது ராணுவ தினம். 1953 ஜனவரி 14-ல் அவர் ஓய்வு பெற்றார். அந்த ஓய்வு நாளைத்தான் 2016 முதல் முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் இது எடுபடாததற்குக் காரணம் எளிது. அன்றைக்கு நமக்குப் போகி, அல்லது பொங்கல். இன்னொன்றும் உண்டு. நம் புதுக்கோட்டை தனி மாவட்டமாகப் பிறந்ததும் 1974 ஜனவரி 14-ல்தான். ஆக, அந்த ஒரு தேதியில் நமக்கு மூன்று விசேஷங்கள். மூன்றாவதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

படைவீரரை நினைப்பது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்து பொறித்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த ஒரு வீரனுக்காக நட்ட கல் அது. நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் முறையே வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று ஆறு நிலைகள்.

கொடும்பாளூருக்குப் போய் மூவர்கோயில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர் வேளிர் குலத்தில் ஒருவர், சுந்தர சோழன் காலத்தில் ஈழப் போரில் மாண்டார். கல்வெட்டு அவரை ‘ஈழத்துப் பட்ட’ சிறியவேளார் என்கிறது. அவர் பெயரைச் சொல்லும்போதே, அவர் எங்கே உயிர் விட்டார் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். அந்த நாவலில் வானதியின் தந்தை அவர்தான். தகப்பனைப் போரில் பறிகொடுத்த பெண்ணாகத்தான் கல்கி அவளை நமக்கு அறிமுகப்படுத்துகிறார்.

ஒரு வீரர் விழுந்த பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆகிறது? நம் முன்னோர் இதையும் யோசித்திருக்கிறார்கள். போரிலோ ஊரைக் காப்பதிலோ இறந்தவனின் வாரிசுகளுக்கு நிலம் விட்டார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரம் என்றால் ரத்தம். கல் நட்டதோடு கடமை தீர்ந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. கல் போனவனுக்கு, நிலம் இருப்பவர்களுக்கு. வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: கல் மரியாதைக் கணக்கு, நிலம் பற்றுவரவுக் கணக்கு. இரண்டையும் எழுதினால்தான் பேரேடு சரியாகும்.

இனி நான் சொல்ல வேண்டிய கதை.

தொண்ணூறுகளில் மாவட்டத்தின் தென்பகுதியில் ஒரு கிளையில் ஓய்வூதியக் கவுன்டரில் இருந்தேன். நவம்பர் மாதம் வந்தால் கூட்டம் தாங்காது. உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க ஓய்வூதியதாரர்கள் நேரில் வர வேண்டும். அப்போது ஓர் அம்மா வந்தார். கணவர் பட்டாளத்தில் இருந்தவர், சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். காகிதங்களைப் பார்த்தேன். பட்டாளத்துப் பதிவில் மனைவி பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் வேறு ஒன்று.

“அம்மா, பேர் ஒத்துப்போகலை. திருத்தி வாங்கிட்டு வாங்க” என்றேன்.

“தம்பி, ரெண்டும் நான்தான். கல்யாணமான புதுசுல வீட்ல கூப்புட்ட பேரை அவுக எழுதிக் குடுத்துட்டாக” என்றார்.

விதிப்படி நான் அதை ஏற்க முடியாது. அது சரிதான். ஆனால் எங்கே போய்த் திருத்துவது, யாருக்கு எழுதுவது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசை நீளமாக இருந்தது. “அடுத்து” என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் மறுபடி வந்தார், மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை வந்தது டிசம்பர் முதல் வாரத்தில். அன்று காலைதான் கிளைக்குக் கொடி நாள் கொடிகள் வந்திருந்தன. பத்து ரூபாய் போட்டு ஒன்றைச் சட்டைப் பையில் குத்தியிருந்தேன். அந்த அம்மா பேசவே இல்லை. என் சட்டையில் இருந்த கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் காகிதங்களை வாங்கிப் பார்த்தார். என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதணும்மா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று புதுக்கோட்டையில் உள்ள நல அலுவலகத்துக்கு அவரைக் கையோடு அழைத்துப் போனார். சில மாதங்கள் கழித்துப் பெயர் திருத்தம் வந்தது. நிலுவை முழுவதையும் என் கையால்தான் வரவு வைத்தேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றிக்கு நான் தகுதியானவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தச் சுபேதார் செய்ததுதான் கொடி நாள். நான் குத்தியிருந்தது காகிதம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ராணுவ ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய முறைக்கு வந்துவிட்டது. உயிர்வாழ் சான்றை ‘ஜீவன் பிரமாண்’ மூலம் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். வரிசை இல்லை. ஆனால் கடவுச்சொல், ஓ.டி.பி., கைரேகை பதியாத விரல் என்று வேறு சங்கடங்கள். கவுன்டரில் நின்ற அந்த அம்மாவைப் போன்றவர்கள் இன்றைக்குக் கைபேசித் திரைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

அவர்கள் எங்கோ தூரத்தில் இல்லை. சாதாரணப் படைவீரர் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது. அதனால் இரண்டாவது வேலை தேடுகிறார். நம் வாசலில் இரவுப் பணி பார்ப்பவரும் அப்படி வந்தவர்தான். பதினேழு ஆண்டு பட்டாளத்தில் இருந்தவர். பனியில் காவல் நின்ற விரல்கள் இன்றும் மரத்துப்போகின்றன என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். மூன்று ஆண்டுகளாக அவரை ‘வாட்ச்மேன்’ என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, கொடி நாள் நன்கொடையை வீடுவீடாகச் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டி, ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். இரண்டு, நம் குடியிருப்பிலும் இங்கே வேலை பார்ப்பவர்கள் வீட்டிலும் ராணுவ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இருந்தால், ஆண்டுச் சான்றைப் பதிவு செய்ய நவம்பரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உதவுவோம். இதற்கு நான் வருகிறேன். கைபேசியில் கை பழகிய இளைஞர்கள் இரண்டு பேர் கூட வந்தால் போதும்.

மூன்றாவது, வருகிற ஜனவரி 14 அன்று காலை இரண்டு மணி நேரம் வாசல் காவலை நாம் முறை வைத்துப் பார்ப்போம். அந்த நேரத்தில் அவர் குடும்பத்தோடு வந்து நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். முதல் அரைமணி என் முறை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.